மத்தின்யோனுக்கும் சவானா மில்லுக்கும் இடையே: பிரெஞ்சு சோசலிஸ்ட் கட்சியினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

பிரான்சில் இடதுசாரிக் கட்சிகள் கூடி, பிரதமர் லெயோன் ப்ளூம் தலைமையில் அமைத்த மக்கள் முன்னணி அரசின் சீர்திருத்தங்களை நீங்கள் பெருமையோடு நினைவுகூர்வதில் எனக்கு மாறுபாடு இல்லை. 1936 ஜூன் 4 அன்று அமைந்த அந்த அரசு, ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்துவிட்ட இலட்சக்கணக்கான தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு நடுவே, ஜூன் 7 இரவில் முதலாளிகளையும் தொழிற்சங்கத்தினரையும் பிரதமரின் அலுவலகமான மத்தின்யோன் மாளிகையில் எதிரெதிரே உட்கார வைத்தது. கூலி 7 முதல் 15 விழுக்காடு வரை உயர்ந்தது. அந்த மாதம் முடிவதற்குள் வாரத்துக்கு 40 மணி நேர வேலையும், ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பள விடுப்பும், கூட்டு ஒப்பந்தங்களும் சட்டமாயின. விடுப்பு கிடைத்தும் ஊர் பார்க்கக் காசில்லாமல் போகக்கூடாதென்று, ஆகஸ்டு முதல் ரயில் கட்டணத்தில் 40 விழுக்காடு சலுகையும் தந்தார்கள். எனக்கு இந்த ரயில் சீட்டுதான் எல்லாவற்றிலும் பிடித்தது.

ஆனால், அதே ஆண்டு ஜூலை 30 அன்று, அதே அரசின் ஆளுகைக்கு உட்பட்ட புதுச்சேரியில், சவானா மில் என்ற பஞ்சாலையின் தொழிலாளர்கள் பிரான்சில் உள்ளவர்கள் கையாண்ட அதே வழியில் ஆலைக்குள் அமர்ந்து எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் கேட்டபோது, அவர்களுக்குக் கிடைத்தது பேச்சுவார்த்தை அல்ல, துப்பாக்கிச் சூடு. 12 பேர் இறந்தனர். 1937 மார்ச்சில் பாரிஸை அடுத்த கிளிஷியில் இடதுசாரி ஆர்ப்பாட்டக்காரர்களைக் காவல்துறை சுட்டதும் ப்ளூம் இசையரங்கிலிருந்து நேரே மருத்துவமனைக்கு விரைந்ததை உங்கள் நூல்கள் மறவாமல் சொல்கின்றன. சவானா மில்லைச் சொல்லும் நினைவுக் கட்டுரை எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

பாரிஸ் எதுவுமே செய்யவில்லை என்று நான் கூறவில்லை. நிலைமையை ஆராய செனட் உறுப்பினர் ழுஸ்தேன் கொதார் நேரில் அனுப்பப்பட்டார். 1937 ஏப்ரல் 6 ஆணையின் வழியே புதுச்சேரித் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலையையும் சங்க உரிமையையும் பெற்றனர். வலதுசாரி அரசு ஒன்று இருந்திருந்தால் இவ்வளவு விரைவில் இது நடந்திருக்குமா என்பது ஐயமே. எனினும் தேதியைச் சற்றுக் கவனியுங்கள். பிரெஞ்சு நாணயமான பிராங்கின் மதிப்பு குறைந்து, மூலதனம் நாட்டைவிட்டு வெளியேறி, பிப்ரவரியில் ப்ளூமே சீர்திருத்தங்களுக்கு ஓர் 'இடைநிறுத்தம்' அறிவித்த பிறகுதான் இந்த ஆணை வந்தது. பிரான்சிலேயே சீர்திருத்தம் நின்றுபோன வேளையில் அது இங்கே நகர்ந்ததென்றால், நகர்த்தியவர்கள் புதுச்சேரித் தொழிலாளர் தலைவர் வ. சுப்பையாவும் அவரோடு நின்ற ஆலைத் தொழிலாளர்களுமே. ஆகவே, குடியேற்ற நாடுகளுக்கும் மக்கள் முன்னணி 'வழங்கியது' என்ற சொல்லைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டுகிறேன்.

புதுச்சேரியில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 30 தியாகிகள் நாளாக அனுசரிக்கப்படுகிறது. ஜூன் மாதத்து நினைவுக் கூட்டங்களில் அந்த 12 பேரையும் குறிப்பிடுங்கள். இயன்றால், ஒரு ஜூலை 30 அன்று உங்கள் கட்சியின் சார்பில் ஒருவர் இங்கு வந்து எங்களோடு மலர் வைக்கட்டும்.

இப்படிக்கு,
புதுச்சேரி ஆலைத் தொழிலாளி ஒருவரின் பேரன்