காரணம் கேட்காத உணவுக்கூடம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

இல்லாதவர்கள் உணவுப் பொருட்களை இலவசமாக எடுத்துப் போக நாங்கள் தொடங்கவிருக்கும் பொது உணவுக்கூடத்துக்கு நன்கொடை கேட்டு இதை எழுதுகிறோம். இந்தத் திட்டத்தைப் பற்றி யாரிடம் பேசினாலும் முதலில் வருவது ஒரே கேள்விதான்: “வருகிறவர்கள் நிஜமாகவே இல்லாதவர்கள்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?” கேட்பவர்கள் யாரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லாரும். பாடுபட்டுச் சேர்த்த பணம் சரியான கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பதில் தப்பும் இல்லை. ஆனாலும் எங்கள் முடிவு இதுதான்: வாசலில் வருமானச் சான்று கேட்க மாட்டோம், காரணமும் கேட்க மாட்டோம். இதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் உங்களிடம் உதவி கேட்கிறோம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், சலித்துப் பார்த்துக் கொடுக்கும் முறை என்ன செய்யும் என்பதை உலகம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. இங்கிலாந்தில் 1834-ல், இல்லாதவர்களுக்கு எப்படி உதவுவது என்று சொல்லும் ஏழைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். மிகக் குறைந்த கூலி வாங்கும் தொழிலாளியின் நிலையைவிட, உதவி பெறுகிறவரின் நிலை மோசமாகவே இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. உதவி கேட்டு ஏழையர் விடுதிக்குள் போன குடும்பத்தில் கணவனை ஒரு பக்கம், மனைவியை ஒரு பக்கம், பிள்ளைகளை ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தார்கள். சோம்பேறிகளைத் தடுக்கப் போட்ட வேலி, வயதானவர்களையும் நோயாளிகளையும் சேர்த்தே பயமுறுத்தியது. அந்தச் சட்டத்துக்கு முறைப்படி முடிவு கட்ட 1948 வரை ஆனது. அதே ஆண்டு டிசம்பரில்தான் ஐ.நா. சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. உணவு, உடை, உறைவிடம், வேலை போனாலோ நோய் வந்தாலோ முதுமை வந்தாலோ கிடைக்க வேண்டிய பாதுகாப்பு, எல்லாமே ஒவ்வொருவரின் உரிமை என்கிறது அதன் 25-வது பிரிவு.

சட்டம் போய்விட்டது, அந்த எண்ணம் போகவில்லை. அரசு உதவித்தொகை என்று பேச்செடுத்தாலே “காசைக் கொடுத்தால் குடித்தே அழிப்பான்” என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். இதையும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளை உலக வங்கிக்காக டேவிட் எவன்ஸும் அன்னா போபோவாவும் 2014-ல் தொகுத்தார்கள். உதவிப் பணம் கைக்கு வந்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதாகப் பெரும்பாலும் எங்குமே தெரியவில்லை. சில இடங்களில் குறைந்தே இருந்தது.

“கொஞ்சம் யோசித்துச் செலவு செய்தால் இந்த நிலை வருமா?” என்பது இன்னொரு பேச்சு. 2013-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தது. காசு தட்டுப்பாடான அறுவடைக்கு முந்தைய நாட்களில் அவர்களுடைய யோசிக்கும் திறன் குறைந்திருந்தது, அறுவடைப் பணம் வந்த பிறகு கூடியிருந்தது. ஆட்கள் அதே ஆட்கள்தான். பசி வந்தால் பறந்துபோகும் பத்தில் அறிவும் ஒன்று என்று நம் பெரியவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

சரி, கூடம் எப்படி இயங்கும்? பொருளை மூட்டையாகக் கட்டிக் கையில் திணிக்கப் போவதில்லை. அலமாரியில் அடுக்கி வைப்போம், வருகிறவர்களே பார்த்து எடுத்துக்கொள்ளலாம். எங்கள் குழுவில் இருக்கும் ஓர் அம்மா முன்பு வேறோர் இடத்தில் தன்னார்வலராக இருந்தவர். அங்கே ஒரு பெண், பையிலிருந்த தானியப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, சமைக்காமல் அப்படியே சாப்பிடுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். “இலவசமாக வாங்க வந்த இடத்தில் இது வேண்டும் அது வேண்டும் என்று வேறயா?” என்று வரிசையில் யாரோ சொன்னார்கள். அந்தப் பெண்ணின் வீட்டில் அடுப்பெரிக்க எதுவும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் மறுபடி வரவேயில்லை. பசியோடு வரும் ஒருவர் அப்படித் திரும்பிப் போகக்கூடாது என்பதற்காகத்தான் இந்த அலமாரி ஏற்பாடு.

அப்புறம் இன்னொரு விஷயம், எங்களுக்கு இதுவே முக்கியம். கூடத்தின் ஒரு மூலையில், அரசு உதவிக்கு விண்ணப்பம் நிரப்பித் தரும் விண்ணப்ப உதவி மேசை இருக்கும். அது ஏன் என்று சொல்கிறோம். 1967-ல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் ஜான் வான் ஹெங்கல் முதல் உணவு வங்கியைத் தொடங்கினார். கடைகள் வீசவிருந்த நல்ல பொருளைச் சேகரித்துப் பசித்தவர்களுக்குச் சேர்ப்பது அதன் வேலை. அவசரத்துக்கு வந்த அந்த ஏற்பாடு இன்று பல நாடுகளில் நிரந்தரமாகிவிட்டது. தானம் எவ்வளவு பெருகினாலும் அரசு தரவேண்டிய உதவியை அது ஈடுகட்டாது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமலே இருப்பவர்கள் நிறைய. சிலருக்குக் கூச்சம், சிலருக்குப் படிவத்தைப் பார்த்தாலே மலைப்பு. ஒரு கையெழுத்து விடுபட்டதால் திரும்பி வந்த விண்ணப்பத்தை மறுபடி அனுப்பத் தெம்பில்லாமல் விட்டவர்களும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பித் தர ஒருவர் இருந்தால் போதும், அந்தக் குடும்பம் எங்கள் அலமாரியைத் தேடி வரவேண்டிய தேவையே இல்லாமல் போகலாம்.

இவற்றுக்காகத்தான் பணம் கேட்கிறோம்: ஓராண்டு வாடகை, அலமாரிகள், ஒரு குளிர்பதனப் பெட்டி, விண்ணப்ப மேசைக்கு ஒரு பிரிண்டர். மொத்தமாக ஒருமுறை தருவதைவிட, மாதாமாதம் முடிந்த சிறு தொகை தந்தால் எங்களுக்குத் திட்டமிட வசதி. பொருளாகத் தருபவர்கள் காலாவதித் தேதியைப் பார்த்துத் தாருங்கள். உங்கள் வீட்டில் எதைச் சாப்பிட மாட்டீர்களோ அதைத் தரவேண்டாம். சோப்பு, நாப்கின், குழந்தைகளுக்கான பால்மாவு ஆகியவை எப்போதும் பற்றாக்குறைதான்.

நன்கொடையாளர் பெயர்ப்பலகை வைக்க மாட்டோம். பொருள் வாங்குகிறவர்களை யாரும் படமெடுக்க அனுமதியில்லை, கொடுத்தவர்களுக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடத்தின் சுவரில் ஒட்டப்படும், யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக் கேள்வி கேட்கலாம். பணம் தர வசதியில்லாதவர்கள், படிவம் நிரப்பத் தெரிந்தவர்களாக இருந்தால், வாரத்தில் ஒரு மாலை விண்ணப்ப மேசையில் உட்கார முன்வாருங்கள். குழு உறுப்பினர் யாரிடம் சொன்னாலும் பெயரைக் குறித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
உணவுக்கூட அமைப்புக் குழு