ஓர்வியேத்தோவில் ஒரு கிணறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலம்தானே? ரோமில் குளிர் விட்டுவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை பார்க்கும் பெண்களோடு ஓர்வியேத்தோ போய் வந்தேன். ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். செங்குத்தாக நிற்கும் எரிமலைப் பாறை, அதன் உச்சியில் ஊர். ஸ்டேஷன் வாசலிலிருந்து மேலே ஏற, பழனி வின்ச் மாதிரி ஒரு வண்டி இருக்கிறது. 1888-இல் அது ஓடத் தொடங்கியபோது அதை ஓட்ட மின்சாரம் இல்லை. மேலே நிற்கும் பெட்டியில் தண்ணீர் நிரப்பி, அது இறங்கும் பாரத்தில் கீழ்ப்பெட்டியை ஏற்றியிருக்கிறார்கள்.

வண்டியை விட்டு இறங்கியதும் பக்கத்திலேயே கிணறு. நீங்கள் பார்க்க வேண்டியது அப்பா. 1527-இல் பகைவர் படை ரோமைச் சூறையாடியபோது, போப் ஏழாம் கிளமென்ட் தப்பி இந்த ஊருக்குத்தான் வந்தார். மலையை யாராவது வளைத்துக்கொண்டால் குடிதண்ணீருக்கு என்ன செய்வது என்று வெட்டச் சொன்ன கிணறு. ஆழம் 170 அடிக்கு மேல், அகலம் 40 அடிக்கு மேல். மேலே பாறையைக் குடைந்திருக்கிறார்கள். களிமண் வந்த இடத்தில் சரியாமல் இருக்கச் செங்கல் கட்டு.

அதிசயம் படிக்கட்டில்தான். கிணற்றைச் சுற்றி ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு படிக்கட்டுகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். கோவேறு கழுதைகள் ஒன்றில் இறங்கி, அடியில் உள்ள சின்னப் பாலத்தைக் கடந்து, குடத்தோடு மற்றதில் ஏறிவிடும். எதிரெதிரே முட்டிக்கொள்ள வழியே இல்லை! படிகளும் கழுதைக்காலுக்கு ஏற்றபடி தாழ்வாக, அகலமாக இருக்கின்றன. வெளிச்சத்துக்குச் சுவர் நெடுக ஜன்னல்கள். சங்கால்லோ என்ற கட்டடக் கலைஞரின் யோசனை. 1537-இல் வேலை முடிந்தபோது கிளமென்ட் உயிரோடு இல்லை. இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை, ஏறும்போது முழங்கால் கெஞ்சியது.

அம்மாவிடம் சொல்லுங்கள், பேராலயமும் பார்த்தேன். 1290-இல் தொடங்கியது, சுவரெல்லாம் கருப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையான கல். உள்ளே சிஞொரெல்லி வரைந்த ஓவியத்தில் செத்தவர்கள் தரையைப் பிளந்துகொண்டு எழுகிறார்கள், சிலர் எலும்புக்கூடாகவே. அம்மா பார்த்தால் ராத்திரி தூங்க மாட்டாள். எல்லோரும் அங்கேதான் போட்டோ எடுத்தார்கள். எனக்கு மனசெல்லாம் கிணற்றிலேயே இருந்தது.

நம் தோட்டத்துக் கிணற்றில் இப்போது எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது? போர் போட ஆள் பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை தூர் வாரிப் பாருங்கள். தம்பியின் ஃபீஸுக்குப் பணம் பத்தாம் தேதிக்குள் வந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்