நிலையப் பக்கமா, எதிர்ப்பக்கமா?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும், அதனுள் நான்காக மடித்து நீ வைத்திருந்த கட்டம் போட்ட தாளும் செவ்வாய்க்கிழமை கிடைத்தன. தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது படிப்பதை விட்டுவிட்டு, எதை எந்த நேரத்தில் படிப்பது என்று விடுதி அறையில் வண்ணப் பென்சிலால் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தவன் நீ. 30 ஆண்டுகள் கழித்தும் அந்தப் பழக்கம் உன்னை விடவில்லை என்று கண்டபோது சிரித்துவிட்டேன். இங்கே எல்லோரும் நலம். மகள் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள்; எனக்கு மாத்திரை ஒன்று கூடியிருக்கிறது; மற்றபடி புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே நேராக உன் கேள்விக்கு வருகிறேன்: ரயில் நிலையம் இருக்கும் பக்கத்துப் புறநகரில் வாங்குவதா, தண்டவாளத்தைத் தாண்டி எதிர்ப்பக்கத்துப் புறநகரில் வாங்குவதா?

உன் தாளில் விலை, பள்ளி, நிலையம், பூங்கா, மருத்துவமனை, குடிநீர் என 12 வரிசைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக் கூட்டி, நிலையப் பக்கத்துக்கு 81, எதிர்ப்பக்கத்துக்கு 79 என்று கண்டிருக்கிறாய். இந்த இரண்டு மதிப்பெண்ணை நம்பி 20 ஆண்டுக் கடனில் கையெழுத்துப் போட மனம் வராமல்தான் எனக்கு எழுதியிருக்கிறாய். எனக்கோ அந்த இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கி வந்ததில் வியப்பே இல்லை. நிலையம் அருகில், பள்ளி நல்லது, சாலை அகலம் என்று எல்லோருக்கும் தெரிந்த நிறைகளுக்கெல்லாம் ஏற்கெனவே விலை ஏற்றியாயிற்று. தொலைவு, தூசி, குறுகிய சந்து என்று எல்லோருக்கும் தெரிந்த குறைகளுக்கெல்லாம் விலை இறக்கியாயிற்று. அந்த விலையையும் ஒரு வரிசையாகச் சேர்த்துக் கூட்டினால், பொதுவான ஒரு மனிதனுக்கு இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் வரும். ஆனால் அந்த வீட்டில் குடியேறப் போவது பொதுவான மனிதன் இல்லையே. நீயும், உன் குடும்பமும், உன் அம்மாவின் முழங்காலும் எந்தெந்த இடத்தில் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறீர்கள் என்பதைத்தான் நீ பார்க்க வேண்டும்.

பள்ளியை எடுத்துக்கொள். சான்ட்ரா பிளாக் என்ற பொருளாதார ஆய்வாளர், பாஸ்டன் நகரைச் சூழ்ந்த புறநகர்களைப் பற்றி 1999-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். எந்த வீட்டுப் பிள்ளை எந்தத் தொடக்கப் பள்ளிக்குப் போகலாம் என்று வரையறுக்கும் எல்லைக் கோட்டின் இரு பக்கமும் ஒட்டி நிற்கும் வீடுகளின் விலையை அவர் ஒப்பிட்டார். அக்கம்பக்கம் ஒன்றே, போக்குவரத்து ஒன்றே, பள்ளி மட்டுமே வேறு. பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடுதலாக இருந்தால், பெற்றோர் வீட்டு விலையில் ஏறத்தாழ 2.5 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க முன்வருகிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. ஆக, நிலையப் பக்கத்து விலையில் ஒரு பங்கு அந்தப் பள்ளிக்கானது. உன் இளையவனோ பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறான். நீ பத்திரம் முடித்துக் குடியேறுவதற்குள் அவன் கல்லூரிக்குப் போய்விடுவான். விற்கும்போது அந்தப் பணம் திரும்பி வருமே என்பாய். வரலாம்தான். ஆனால் அதுவரை, உன் வீட்டிலிருந்து யாரும் படிக்காத பள்ளிக்காக வட்டி கட்டிக்கொண்டிருப்பவன் நீ.

நிலையத்தின் கதை வேறு. அதில் நான் பட்ட பாட்டை உனக்கு இதுவரை எழுதியதில்லை என்று நினைக்கிறேன். நானும் ஒரு காலத்தில் இதே போன்ற எதிர்ப்பக்கத்தில்தான் வீடு வாங்கினேன். தரகர் "நிலையத்துக்குப் பத்தே நிமிட நடை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. 800 மீட்டர், சாதாரணமாக நடந்தால் பத்து நிமிடம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்து பார்த்து, கைக்கடிகாரத்தையும் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன். குடியேறிய பின்பு, முதல் திங்கட்கிழமை காலையில்தான் விஷயம் விளங்கியது. வழியில் ரயில்வே கேட் இருந்தது. நான் எந்த ரயிலைப் பிடிக்க ஓடினேனோ, அந்த ரயில் வருகிறது என்பதற்காகவே அந்தக் கேட்டை மூடுவார்கள். மணி அடிக்க, சிவப்பும் வெள்ளையுமான கம்பம் மெல்ல இறங்க, என் ரயில் என் கண்ணெதிரே நிலையத்துக்குள் நுழைந்து, நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்படுவதைக் கம்பத்துக்கு இப்பால் நின்று பார்த்திருக்கிறேன். அது போனதும் எதிர்த்திசையில் இன்னொன்று வரும். கேட்டின் இரு பக்கமும் சாலையின் முழு அகலத்துக்கும் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்குமாதலால், கம்பம் ஏறிய பிறகும் யாரும் நகர முடியாது. குனிந்து நுழைந்து போகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. கடைசியில் கால்மணி நேரம் முன்னதாகவே கிளம்பப் பழகினேன். ஒன்பது ஆண்டுகள் அந்தக் கால்மணி நேரத்தை நாள் தவறாமல் கட்டினேன்; எந்தத் தரகரின் கணக்கிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

ஆகவே ஒரு வேலைநாள் காலையில், நீ வழக்கமாகக் கிளம்பும் அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து நடந்து பார். நடை மேம்பாலம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அது சாலையிலிருந்து சாலைக்கு இறங்குகிறதா, அல்லது நடைமேடைக்கு மட்டும் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள். நடைமேடைக்கு மட்டும் என்றால் ரயில் ஏறப் பயன்படுமே தவிர, மறுபக்கத்து மருத்துவமனைக்குப் போக உதவாது. படிகளையும் எண்ணிவிடு. உனக்கு அவை பொருட்டில்லை. அம்மாவுக்கு அந்தப் பாலம் இருந்தும் இல்லாததுதான். போகவர ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் கூடினால், ஆண்டுக்கு 230 வேலைநாள் என்று வைத்தாலும் 76 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மூன்று முழு நாட்கள். ஃப்ரே, ஸ்டுட்சர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஜெர்மானியக் குடும்பங்களின் தரவை வைத்து, நெடுநேரம் பயணம் செய்து வேலைக்குப் போகிறவர்கள் வாழ்க்கையில் குறைந்த நிறைவையே கொண்டிருக்கிறார்கள் என்று காட்டினார்கள். குறைந்த விலையோ நல்ல சம்பளமோ அந்தக் குறையை முழுதாக ஈடுசெய்யவில்லை. பெரிய வீடு பழகிப்போய்விடும், கேட் முன்னால் நிற்பது மட்டும் பழகவே பழகாது என்று என் அனுபவத்திலிருந்து நான் சொல்வேன்.

இப்படிச் சொல்வதால் நிலையப் பக்கத்துக்கு வாக்களிக்கிறேன் என்று நினைத்துவிடாதே. உனக்கு ஓய்வுபெற இன்னும் ஆறே ஆண்டுகள் இருக்கின்றன; அதற்குப் பின் அந்தக் கேட் உனக்கு வாரம் ஒருமுறைச் சங்கடம், அவ்வளவுதான். நான் உண்மையில் அஞ்சுவது தண்ணீரை.

உன் தாளில் 'மழைநீர்' என்றொரு வரிசையே இல்லை. எதிர்ப்பக்கத்தில் ஓர் ஓடை இருப்பதாகவும் கோடையில் அது வறண்டு கிடப்பதாகவும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். என்னைத் தூங்கவிடாத வரி அதுதான். நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்று சொல்லக் கேட்டு நூறு ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் அது வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். கணக்குப் போட்டால், 20 ஆண்டுக் கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது வருவதற்கு 18 சதவீதமும், 30 ஆண்டுகளில் 26 சதவீதமும் வாய்ப்பு இருக்கிறது. இதற்கு மதிப்பெண் போட்டு மற்றவற்றோடு கூட்டக் கூடாது. பூங்காவுக்கு நீ கொடுத்த ஒன்பது, கூடத்துக்குள் புகும் தண்ணீரைத் தடுத்து நிறுத்தாது. இதில் தேறாத தெருவை முதலிலேயே அடித்துவிட்டு, மிஞ்சியவற்றுக்கு மட்டும் மதிப்பெண் போடு.

எந்தத் தெரு தேறாது என்பதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. மெதுவாக நடந்து, வீடுகளின் காலடியைப் பார். ஒரே தெருவில் பழைய வீடுகளுக்கு இரண்டு படியும் புதிய வீடுகளுக்கு ஆறு படியும் இருந்தால், நடுவில் ஏதோ ஒரு மழை அவர்களுக்குப் பாடம் சொல்லியிருக்கிறது. சுற்றுச்சுவரில் ஒரே உயரத்தில் மங்கலான கறை வீடு வீடாகத் தொடர்கிறதா என்று பார். சென்ற முறை நான் உன்னோடு வந்தபோது, எதிர்ப்பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் இரும்புக் கதவு அடிப்பகுதியில் ஒரு சாண் அளவுக்கு வெட்டப்பட்டிருந்தது நினைவிருக்கிறதா? நீ அதைக் கவனித்தாயோ என்னவோ. சாலையைச் சுரண்டாமல் பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை ஏறிவிட, கதவு திறக்க இடமில்லாமல் வெட்டியிருக்கிறார்கள். முன்பு சாலைக்கு மேலே இருந்த வீடு இப்போது சாலைக்குக் கீழே. மழை பெய்தால் தெருத் தண்ணீர் எல்லாம் அந்த வீட்டுக்குத்தான். அதே எதிர்ப்பக்கத்தில், தண்டவாளத்தின் கரையிலிருந்து நான்காவது, ஐந்தாவது தெருக்கள் நல்ல மேடு. ஒரே புறநகருக்குள் தெருவுக்குத் தெரு இருக்கும் இந்த வேற்றுமை, இரண்டு புறநகர்களுக்கு இடையே நீ அளந்த வேற்றுமையை விடப் பெரியது. நிலையப் பக்கத்திலும் அந்தக் கோடியில் ஒரு பள்ளமான தெரு உண்டு. அதற்கும் நிலையப் பக்கத்துப் பெயரை வைத்தே விலை சொல்கிறார்கள்.

பெயர் என்றதும் இன்னொன்று. உனக்கு விளம்பரத்தில் வந்த மூன்று வீடுகளில் ஒன்று, முகவரியில் நிலையப் பக்கத்துப் பெயரைப் போட்டிருந்தாலும் உள்ளபடி எல்லைக்கு வெளியே இருக்கிறது. விலை உயர்ந்த பெயரை அடுத்த ஊருக்குள்ளும் இழுத்துக்கொண்டு போவது தரகர்களுக்குக் கைவந்த கலை. எந்த உள்ளாட்சிக்குச் சொத்துவரி கட்டுகிறார்கள், குடிநீரும் கழிவுநீர் இணைப்பும் எங்கிருந்து வருகின்றன என்று பழைய ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பார். குழாயின் கடைக்கோடியில் இருக்கும் தெருவுக்குத் தண்ணீர் நூலாகத்தான் வரும், எந்தப் பெயரில் இருந்தாலும்.

என் யோசனை இதுதான்: எதிர்ப்பக்கத்து நான்காம் ஐந்தாம் தெருக்களில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு மழைக்காலத்தைக் கழித்துவிடு. அதற்குள் விலை ஏறிவிடும் என்று நீ பதறுவாய். ஒட்டிக்கிடக்கும் புறநகர்கள் பெரும்பாலும் ஒன்றாகவே ஏறும், ஒன்றாகவே இறங்கும்; ஆறு மாத ஏற்றத்தை விட, தவறான வீட்டை வாங்கி, பதிவுச் செலவும் தரகும் கொடுத்து, பின் விற்று, மீண்டும் அதே செலவுகளைச் செய்வது உனக்கு அதிகம் வலிக்கும். எனக்கு வலித்தது. மழையில் அந்தத் தெரு தேறிவிட்டால், தயங்காமல் அங்கேயே வாங்கு. மிச்சப்படும் பணத்தில் அம்மாவுக்குப் படி ஏறாத ஓர் அறையைக் கீழ்த்தளத்திலேயே கட்டிவிடலாம். தேறாவிட்டால் நிலையப் பக்கத்துக்கே போ, ஆனால் அந்தப் பள்ளத் தெருவுக்கு மட்டும் வேண்டாம்.

முதல் பெருமழை பெய்யும் நாளில் எனக்குத் தகவல் சொல். மறுநாள் காலை முதல் ரயிலில் வந்துவிடுகிறேன். முழங்கால் வரை மடித்துக்கட்டிக்கொண்டு இரண்டு பேரும் இரண்டு பக்கமும் நடந்து பார்ப்போம். அட்டவணைத் தாளை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வா, நனைந்துவிடும். அம்மாவுக்கு என் வணக்கம். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்