ஆசிரியருக்கு: பேக்கர் பாணிச் சுவர் ஒழுகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் 'வீடு' இணைப்பில், பூசாத செங்கல் கட்டடங்களுக்குப் பேர்போன கட்டடக் கலைஞர் லாரி பேக்கருக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அதற்கு மனதார நன்றி. ஆனால் கட்டுரையின் கடைசிப் பத்தியில், "பூசாத செங்கல் சுவர் பார்வைக்கு அழகுதான்; நம் மழைக்குத் தாங்காது, இன்றைய வாழ்க்கைக்கும் ஒத்துவராது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார்கள். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

நான் குழித்துறைக்காரன். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கொட்டுகிற மாவட்டம் எங்களுடையது. என் வீட்டு வெளிச்சுவருக்குப் பூச்சே கிடையாது. 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது பக்கத்து வீட்டுத் தகரக் கூரை பறந்துவந்து எங்கள் தோப்பில் கிடந்தது. எங்கள் சுவர் வழியாக ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. கட்டுரையாளர் எந்த ஊரில் எந்த வீடு ஒழுகப் பார்த்தார் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

கட்டட மேற்பார்வை வேலையில் காலம் கழித்தவன் என்பதால் சொல்கிறேன். சுவர் ஒழுகுவதற்குக் காரணம் வேறு. சரியாக வேகாத செங்கல், இடைவெளியில் சாந்தை அழுத்தித் தேய்க்காத சோம்பல், சன்னலுக்கு மேல் எட்டாத குட்டை இறவாரம், இந்த மூன்றும்தான். இவற்றைச் செய்துவிட்டு மேலே பூசினால் குறை வெளியே தெரியாது, அவ்வளவே. பூசாத சுவரில் ஒவ்வொரு வரிசையும் கண்ணில் படும். அதனால் கொத்தனார் நூல் பிடித்து, தூக்குக்குண்டு பார்த்து, கவனமாகக் கட்டியே ஆகவேண்டும். பேக்கர் பழைய கடித உறைகளின் பின்பக்கத்தில் படம் போட்டுக்கொண்டு வேலை நடக்கும் இடத்திலேயே கொத்தனார்களோடு நின்றது இதற்காகத்தான்.

என் வீட்டில் இருப்பது எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் மூன்று அங்குலம் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். சாந்தும் குறையும். உள்ளே அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கும். சித்திரை மாதத்து மதியம் மேற்குச் சுவரை வெளியில் தொட்டால் கை சுடும். உள்பக்கம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து என் மனைவி பூத்தொடுப்பாள். மேல்தளத்திலும் இப்படி ஒரு சூட்சுமம் உண்டு. கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், அங்கே கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்து நிரப்பினால் சிமென்ட் மிச்சம், பளுவும் குறைவு. இதில் இன்றைய வாழ்க்கைக்கு ஒத்துவராதது எது?

ஒத்துவரவிடாமல் செய்தவர்கள் வேறு. வீட்டுக்கடனின் கடைசித் தவணை கேட்டுப் போனேன். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் வாசலில் நின்றபடியே "பூச்சு வேலை பாக்கி" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். இதுதான் முடிந்த வீடு என்று நான் மன்றாடியும் எடுபடவில்லை. கடைசியில் தெருவைப் பார்த்த ஒரு சுவரை மட்டும் பூசிக் காட்டித்தான் பணம் வாங்கினேன். இன்றைக்கும் பாசி பிடிப்பதும் வெடிப்பு விடுவதும் அந்த ஒரு சுவர்தான். கட்டுமானச் செலவில் நூற்றுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற தொழிலில், செலவைக் குறைக்கிற முறையை எந்தப் பொறியாளர் முன்வந்து சொல்வார்? பேக்கரை 'ஏழைகளுக்கு மலிவு வீடு கட்டியவர்' என்று ஒதுக்கிவைத்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. உங்கள் கட்டுரையும் அதையே சொல்லும்போது வலிக்கிறது.

அதே இணைப்பின் இன்னொரு கட்டுரை, நம் நாட்டுப் பசுமைக் கட்டட வரலாற்றை 2001-இல், கட்டடங்களுக்குத் தரச்சான்று வழங்கும் பசுமைக் கட்டடக் குழுமம் அமைந்ததிலிருந்து தொடங்குகிறது. திருவனந்தபுரத்தில் 'உள்ளூர்' என்ற பகுதியில் வளர்ச்சி ஆய்வு மையத்தைப் பேக்கர் கட்டத் தொடங்கியது 1970களின் ஆரம்பத்தில். மேட்டை வெட்டிச் சமப்படுத்தாமல், மரம் நின்ற இடத்தில் சுவரை வளைத்து, குளிரூட்டியை நம்பாமல் துளை விட்டுக் கட்டிய செங்கல் ஜாலி வழியே காற்றை உள்ளே விட்ட வளாகம் அது. முப்பது வருடம் முந்தியது கணக்கில் வரவில்லை. சுற்றிலும் கண்ணாடி பதித்து, நாள் முழுக்க ஏசி ஓடுகிற கோபுரத்துக்குத் தரச்சான்று கிடைத்தால் பசுமையாகிவிடுகிறது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமென்ட் தயாரிப்பால் வருகிறது என்பது தாங்கள் அறியாததல்ல.

எலிசபெத் அம்மாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே, ஐயா. 1948-இல் பேக்கரை மணந்த கேரளத்து மருத்துவர் அவர். இமயமலைப் பக்கத்துப் பித்தோராகட்டில் பதினாறு வருடம் போல அவர் வைத்தியம் பார்க்க, இவர் கட்டினார். இங்கிலாந்தின் பர்மிங்காமில் படித்துவந்த கட்டடக்கலை போதாது என்பதை அந்த மலைக்காரர்களின் கல்லும் மண்ணும் சேர்ந்த வீடுகளைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டதாகப் பேக்கரே சொல்லியிருக்கிறார். வீட்டுக்கான பொருள் ஐந்து மைலுக்குள் கிடைக்கவேண்டும் என்ற காந்தியின் சொல்லைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தார். இந்தியக் குடியுரிமை பெற்று, 1990-இல் பத்மஸ்ரீ வாங்கி, 2007 ஏப்ரல் 1 அன்று தொண்ணூறு வயதில் திருவனந்தபுரத்திலேயே கண்மூடியவரை, நீங்கள் தலைப்பிலேயே 'வெள்ளைக்காரர்' என்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் அவரை அப்படி நினைப்பவர் யாருமில்லை.

தங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முதல் படத்தின் கீழே 'வளர்ச்சி ஆய்வு மையம்' என்று அச்சாகியிருக்கிறது. அது திருவனந்தபுரம் தம்பானூரில் பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ். ரயில் நிலையத்துக்கு எதிரே, சுருள் சுருளாக மேலேறும் சரிவுத் தரையில் மேசைகளை மட்டும் மட்டம் பிசகாமல் கட்டிவைத்த அந்தச் சிவப்புக் கட்டடத்தில் காபி குடித்த யாருக்கும் தெரியும். அந்தப் படக்குறிப்பையும், மழைக்குத் தாங்காது என்ற வரியையும் அடுத்த இதழில் திருத்திவிடுங்கள். இடமிருந்தால் எலிப்பொறிக் கட்டின் படம் ஒன்றைக் கால் பக்கத்தில் போடுங்கள். வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியிருப்பவர்கள் கத்தரித்துக் கொத்தனார் கையில் கொடுக்கட்டும். சென்ற ஆண்டு இதே வேண்டுகோளோடு நான் எழுதிய கடிதம் தங்கள் பார்வைக்கு வந்திருக்காது என்றே நம்புகிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.