செயலாளரின் ஆண்டறிக்கை: கரி ஓய்ந்த இடங்களில் நமது ஒளிப்பட வட்டம்

தலைவர் அவர்களே, நிர்வாகசபை அங்கத்தவர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறவுகளே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் ஜேர்மனியின் ரூர் பகுதியில் கைவிடப்பட்ட நிலக்கரி ஆலைகளை இந்த ஆண்டின் கருப்பொருளாகத் தெரிந்தெடுத்தோம். தேரும் பூவும் இருக்கத் துருப்பிடித்த இரும்பு எதற்கு என்று அன்று சிலர் கேட்டீர்கள். நம்மில் பலர் எண்பதுகளில் இங்கே வந்து இறங்கியபோது சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்தன. 2018 டிசம்பர் 21 அன்று பொட்ரொப் நகரில் கடைசிக் கற்கரிச் சுரங்கமும் நின்றது. இந்த மண்ணில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு இந்த ஊர்கள் எதனால் ஊர்களாயின என்று காட்ட வேண்டாமா? அதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் என் பதில்.

மாதாந்தக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

முதல் பயணம் ஹம் நகருக்கு. காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு வரும்போது பிள்ளைகளை மாக்சிமிலியான் பூங்காவுக்கு அழைத்துப் போகாத குடும்பம் நம்மிடையே குறைவு. அங்கே நிற்கும் கண்ணாடி யானையைப் பார்த்திருப்பீர்கள். அந்த யானையின் உடல், பழைய சுரங்கம் ஒன்றின் நிலக்கரி கழுவும் ஆலை. 1984 இல் நடந்த தோட்டக் கண்காட்சிக்காக அதற்குத் தும்பிக்கை வைத்து யானையாக்கினார்கள். இத்தனை ஆண்டுகள் அதன் முன்னே நின்று குடும்பப் படம் எடுத்த எனக்கே இது இந்த ஆண்டுதான் தெரியவந்தது.

கரியை ஏன் கழுவ வேண்டும் என்ற கேள்வி எசன் நகரின் சொல்பெரைன் சுரங்கத்தில் எழுந்தது. அங்கே 24 மீற்றர் உயரத்துக்கு நகரும் படிக்கட்டில் ஏறித்தான் கழுவும் ஆலைக்குள் போகிறோம். இப்போது அது அருங்காட்சியகம். வழிகாட்டி ஜேர்மன் மொழியில் நீளமாக விளக்கினார். பிள்ளைகள் விழித்தார்கள். நமது மூத்த அங்கத்தவரான அக்கா ஒருவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: "இது அரிக்கன் சட்டி." அரிசியைத் தண்ணீரில் அலைத்தால் கல் அடியில் தங்கும், அரிசி மேலே வரும். கரியிலும் அப்படித்தான். நீரை அடித்தடித்து எழுப்ப, பாரமான கல் கீழே போகிறது, இலேசான கரி மேலே நிற்கிறது. ஒரு நாளில் 12,000 தொன் கரி வெளிவந்த இடத்துக்கு எவ்வளவு பெரிய சட்டி வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே படம் எடுத்தோம்.

நவம்பரில் டோர்ட்முண்டின் ஹுக்கார்டேயில் உள்ள ஹன்சா கோக் ஆலைக்குப் போனோம். கோக் என்பது நிலக்கரியைச் சூளையில் சுட்டு எடுக்கும் எரிபொருள். முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு, பதினொரு பேர். 1928 இல் இயங்கத் தொடங்கி 1992 டிசம்பரில் அணைந்த ஆலை அது. கரி போன பாதையிலேயே, கரியை ஏற்றிச் சென்ற ஓடும் பட்டையின் சாய்வான பாலத்தின் வழியே, கரிக் கோபுரத்துக்கு ஏறினோம். மேலிருந்து பார்த்தால் சூளைகள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் அரை மீற்றர் அகலம்கூட இல்லாத ஒடுங்கிய அறை. காற்றுப் புகாமல் கரியை அதற்குள் அடைத்து, ஆயிரம் பாகைக்கு மேல், ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கச் சூடாக்குவார்கள். உருக்காலைக்கு வேண்டிய கோக் மிஞ்சும். வெளிவந்த வாயு, தார், பென்சோல், உரத்துக்கான அமோனியா எதையும் வீணாக்கவில்லை. இன்று தண்டவாளங்களுக்கு இடையே பூர்ச்ச மரங்கள் நிற்கின்றன. கம்ப்ரஸர் மண்டபத்தின் அமைதியில் ஷட்டர் ஒலியே அதிகமாகக் கேட்டது.

வானம் மூடிக் கிடந்ததில் சிலருக்கு ஏமாற்றம். ஒளிப்படக் கலைஞர்களான பெர்ண்ட், ஹில்லா பெஹர் தம்பதியர் இந்தப் பகுதியின் சுரங்கக் கோபுரங்களையும் ஆலைகளையும் பல பத்தாண்டுகள் படம் பிடித்தபோது இப்படிப்பட்ட சாம்பல் வானத்துக்காகவே காத்திருந்தார்கள் என்பதை நினைவூட்டினேன். நிழல் விழாவிட்டால் இரும்பின் ஒவ்வோர் ஆணியும் தெரியும்.

அதே டோர்ட்முண்ட் நகரில், ஹன்சா மூடிய ஆண்டிலேயே திறந்த கைசர்ஸ்டூல் கோக் ஆலை எட்டு ஆண்டுகளே இயங்கியது. பிறகு சீனத் தொழிலாளர்கள் வந்து அதைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கப்பலேற்றினார்கள். புதியது போய்விட்டது, பழையது நிற்கிறது. அதனால்தான் இருப்பதை இப்போதே பதிவு செய்ய வேண்டும் என்று ஓயாமல் உங்களை நச்சரிக்கிறேன்.

வருத்தமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மார்ச் மாதத்தில் நமது இளையவர் மூவர், யாரிடமும் சொல்லாமல், வேலியிட்ட பழைய ஆலை ஒன்றுக்குள் இரவில் நுழைந்தார்கள். துருப்பிடித்த கிராதி உடைந்து ஒருவரின் கால் உள்ளே இறங்கியது. ஒன்பது தையல். தலைகீழாக விழுந்திருந்தால் இன்று இந்த அறிக்கை வேறுவிதமாக இருந்திருக்கும். அத்துமீறி நுழைவது ஜேர்மன் சட்டத்தில் அபராதமோ ஓராண்டு வரை சிறையோ கிடைக்கக்கூடிய குற்றம். குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் பிள்ளைகள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். அவர்கள் எடுத்த படங்கள் அருமையானவை. ஆனாலும் அவற்றைக் கண்காட்சியில் வைக்க நிர்வாகசபை மறுத்தது. அந்த முடிவுக்கு நானும் கை உயர்த்தினேன். தம்பிமார் மூவரும் பின்னர் ஹன்சாவுக்கு வந்து மற்றவர்களின் முக்காலிகளையும் சுமந்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

கண்காட்சியைத் தமிழ்ப் பாடசாலை மண்டபத்தில் வைத்தோம். இரண்டாம் நாள், நமது அங்கத்தவர் ஒருவரின் அயலவரான துருக்கிப் பெரியவர் வந்தார். கோக் ஆலை ஒன்றில் வாழ்நாளெல்லாம் உழைத்தவர். ஒரு படத்தின் முன் நெடுநேரம் நின்றார். நாங்கள் கீழே "புகைபோக்கி" என்று எழுதியிருந்தோம். "இது புகைக்கானது இல்லை, நீராவிக்கானது" என்றார். சூளையிலிருந்து செந்தணலாகத் தள்ளப்படும் கோக்கை வண்டியில் இதன் கீழே கொண்டுவந்து தண்ணீரைக் கொட்டித் தணிப்பார்களாம். வெள்ளை மேகம் எழும்பினால் தூரத்து வீடுகளிலிருந்தும் தெரியுமாம். குளிர்காலத்தில் முகம் சுட, முதுகு விறைக்க நின்றதைக் கையால் தொட்டுக் காட்டினார். நாங்கள் கீழ்க்குறிப்பை அங்கேயே அடித்துத் திருத்தினோம். பிறகு அவர் மற்றப் படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இன்னும் நான்கு பிழைகள்.

துருவும் உடைந்த கண்ணாடியும் எந்தக் கமராவுக்கும் அழகாகவே அகப்படும். அந்தப் பொருள் என்ன வேலை செய்தது, அதன் பக்கத்தில் யார் நின்றார் என்று எழுதாத படத்தை வட்டத்தின் பெயரில் இனி வெளியிடக் கூடாது என்பதே இந்த ஆண்டு நான் முன்வைக்கும் பிரேரணை. வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பெரியவர் தன்னோடு வேலை செய்த மூவரை அறிமுகம் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர்களின் குரலைப் பதிவு செய்ய ஒலிவாங்கி ஒன்று வாங்க வேண்டும். பொருளாளர் தொகையைச் சொல்வார். துருக்கி மொழி தெரிந்த நண்பர்கள் உள்ள அங்கத்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தாருங்கள்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்