'கண்ணுக்கு ஸ்டைலாக ஒரு கூலிங் கிளாஸ்' – எதன் மேல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் விடுமுறைப் பயணம் குறித்து நீங்கள் வெளியிட்ட முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை வாசகியாக, இரண்டாம் முறை பழக்க தோஷத்தால். 31 ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவள் நான். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை, பாராட்டுகிறேன். ஆனால் "தலைக்குத் தொப்பி, கண்ணுக்கு ஸ்டைலாக ஒரு கூலிங் கிளாஸ், அப்புறம் வெயிலாவது ஒன்றாவது!" என்ற வரியில் என் பென்சில் நின்றுவிட்டது. ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, "எதன் மேல்?" என்று எழுதினேன்.

என் கண்ணுக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு கண்ணாடி குடியிருக்கிறது. எட்டு வயதில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை. இப்போது இரண்டு பக்கமும் மைனஸ் ஆறு. பவர் இல்லாதவர்களுக்கு இந்த எண் எதையும் சொல்லாது. ஒரு மீட்டரை ஆறால் வகுத்துப் பாருங்கள், 17 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். கண்ணாடியைக் கழற்றினால் என் தெளிந்த உலகம் அந்த இடத்தோடு சரி. மெய்ப்புத் தாளுக்கு அது தாராளம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கருகே பிடித்துக் காற்புள்ளி எது, அச்சு மை தெறித்த புள்ளி எது என்று பிரித்துச் சொல்வேன். கடற்கரைக்கு அது போதாது.

போதாது என்பதை ஒரு விடுமுறையில் நன்றாகவே தெரிந்துகொண்டேன். புறப்படும்போது மகள் ஆசையாக ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்திருந்தாள். பவர் கிடையாது. "போட்டோவுக்கு மட்டும் போட்டுக்கொள் அம்மா" என்றாள். காலை பத்து மணி வெயிலில் மணல் வெள்ளைத் தாளாகப் பளீரிட, கண் கூசித் தாங்கமுடியாமல் என் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டேன். வெயில் குறைந்தது. கூடவே பேரனும் குறைந்துவிட்டான். நீலச் சட்டை ஒன்று தண்ணீரை நோக்கிப் போவதுபோல் இருந்தது. எழுந்து ஓடிக் கையைப் பிடித்து இழுத்தேன். பிடித்த பிறகுதான், 17 சென்டிமீட்டருக்குக் குனிந்த பிறகுதான், அது வேறு வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தது. அந்தக் குழந்தையின் அம்மா என்னைப் பார்த்த பார்வை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது. நல்லவேளை, முகம் தெளிவாகத் தெரியவில்லை. என் பேரனோ எனக்குப் பின்னால் குழி தோண்டிக்கொண்டு, "பாட்டி, நான் இங்கே இருக்கிறேன்" என்றான்.

மீண்டும் பழைய கண்ணாடி. அன்று மாலைவரை கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்ததில் புருவத்துக்கு நடுவே கயிறு கட்டி இழுப்பதுபோல் தலைவலி. தொப்பி போட்டுத்தான் இருந்தேன். அகல விளிம்புத் தொப்பி மேலிருந்து வரும் வெயிலை மறைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கடற்கரையில் வெயில் கீழிருந்தும் வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, காய்ந்த மணல் தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும் கடல் நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன. புதுப்பனி 80 சதவீதம் வரை. அதுவும் மலைமேல் என்றால், ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் கதிர் பத்து சதவீதம் போலக் கூடுகிறது. "குளிராகத்தானே இருக்கிறது" என்று மலையில் கறுப்புக் கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்துவிடுவோர் கவனிக்க வேண்டிய கணக்கு இது. பனிப் பிரதேசத்து இன்யூட் மக்கள் எலும்பிலும் மரத்திலும் மெல்லிய கீறல் போட்டு, அதைக் கண்ணில் கட்டிக்கொண்டு வேட்டைக்குப் போனார்கள். வெளிச்சம் குறையும், கீறல் வழியே பார்ப்பதால் உருவமும் சற்றுக் கூர்மையாகும். நாங்கள் கண்ணைச் சுருக்குவதும் அதே தந்திரம்தான். அவர்களுக்குத் தலைவலி வந்திருக்காது.

அந்தப் பயணத்துக்குப் பிறகு நான் வாங்கிப் பார்த்தவற்றின் கதை நீளம். முதலில் கண்ணாடிமேல் கவ்விக்கொள்ளும் கறுப்பு மடிப்பான், அதாவது கிளிப். தேவையானபோது மேலே தூக்கிவிடலாம். தூக்கினால் வாசலுக்கு மேல் சாய்ப்பு இறக்கியதுபோல் இருக்கும். பேரனுக்கு அது ஒரு நாள் முழுக்கச் சிரிப்பு. சிரிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம், மணலைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிக்கிய ஒரே ஒரு மணல் துகள் வலது லென்ஸில் 'ழ'வின் கொம்புபோல் ஒரு கீறலை இழுத்துவிட்டது. இன்றும் அந்தக் கண்ணாடியைப் போட்டால் அந்தக் கொம்பு வழியாகத்தான் தெருவைப் பார்க்கிறேன். அடுத்து, கண்ணாடியையும் சேர்த்து மூடும் பெரிய கவசக் கண்ணாடி. வேலை ஒழுங்காகத்தான் செய்தது, பக்கவாட்டு வெளிச்சத்தையும் அடைத்தது. ஆனால் இரண்டு கண்ணாடியின் பாரத்தை ஒரே மூக்கு சுமக்க வேண்டும். என் வீட்டுக்காரர் "வெல்டிங் வேலை முடிந்ததா?" என்று கேட்டார். அவருக்குப் பவர் கிடையாது. கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு உலாத்துகிற ஜாதி. அவரோடு இதைப் பேசிப் பயனில்லை.

பிறகுதான் எல்லோரும் சொல்கிற, வெயிலில் தானே கறுக்கும் ஃபோட்டோகுரோமிக் லென்ஸுக்குப் போனேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் பாதிதான் சொல்கிறார்கள். அதைக் கறுக்கவைப்பது முக்கியமாகப் புற ஊதாக் கதிர். காரின் முன்கண்ணாடி அந்தக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. ஆக, நெடுஞ்சாலையில் எதிர்வெயில் முகத்தில் அறையும்போது, எனக்கு வேண்டிய அந்த நேரத்தில், லென்ஸ் வெளுத்துப் போய்ச் சும்மா இருந்தது. காரைவிட்டு இறங்கினால் கறுக்கும். கறுத்த கையோடு அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால், வெளுக்கச் சில நிமிடங்கள் ஆகும். முதல் கூடத்தில் இருந்த சிலைகளை நான் இருட்டில்தான் தரிசித்தேன். இன்னொன்று: சூடு ஏறினால் இது குறைவாகக் கறுக்கும், குளிரில் நன்றாகக் கறுக்கும். உச்சி வெயிலில் சுணங்கி, பனிமலையில் ஜமாய்க்கும். அன்றாடம் வீட்டுக்கும் தெருவுக்கும் போய்வர நல்ல பொருள், மறுக்கவில்லை. கடற்கரை விடுமுறைக்கு அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம் என்கிறேன்.

இதற்கிடையில் எனக்கு ஒரு தவறான நம்பிக்கையும் இருந்தது: எவ்வளவு கறுப்போ அவ்வளவு பாதுகாப்பு. கண் மருத்துவர் அதைத் திருத்தினார். நிறம் குறைப்பது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை. புற ஊதாக் கதிரைத் தடுப்பது லென்ஸின் பொருளும் அதன் பூச்சும். நிறமே இல்லாத பாலிகார்பனேட் லென்ஸ்கூட அதைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். நிறம் மட்டும் இருந்து தடுப்பு இல்லாவிட்டால் கதை தலைகீழ். இருட்டு என்று நினைத்துக் கண்மணி விரியும், விரிந்த வாசல் வழியே கதிர் கூடுதலாக உள்ளே போகும். அதனால்தான் 'யு.வி. 400' என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். 400 நானோமீட்டர் அலைநீளம்வரை உள்ள கதிரைத் தடுக்கும் என்பது அதன் பொருள். கறுப்பின் அளவுக்குத் தனி எண் இருக்கிறது, 0 முதல் 4 வரை. வெயிலுக்குப் பொதுவாக 3 போதும், அது வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதத்தை மட்டும் உள்ளே விடும். 4 பனிமலைக்கும் நடுக்கடலுக்கும். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. உங்கள் கட்டுரையில் 'ஸ்டைலாக' என்ற சொல்லுக்கு இடம் கிடைத்தது, இந்த இரண்டு எண்களுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது என்னிடம் இருப்பது பவர் போட்ட கறுப்புக் கண்ணாடி. இத்தனை சுற்றுக்குப் பிறகு இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். இவ்வளவுதான். இப்படி ஒன்று செய்ய முடியும் என்று ஐம்பது வயதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் மனக்குறை. புதிய ஃபிரேம்கூட வாங்கவில்லை. அலமாரியில் கிடந்த பழைய ஃபிரேமை எடுத்துப்போய், அதற்கே லென்ஸ் போடச் சொன்னேன். சாதாரண பிளாஸ்டிக் லென்ஸை என் பவருக்குத் தீட்டி, சூடான சாயத்தில் முக்கி எடுக்கிறார்கள். துணிக்குச் சாயம் ஏற்றுவதுபோலத்தான். சாம்பல் நிறம் கேட்டேன், அதில் மற்ற நிறங்கள் அதிகம் மாறுவதில்லை. முகத்தைச் சுற்றி வளைந்துபோகும் ஃபிரேம்மீது எனக்கு ஒரு கண் இருந்தது. கடைக்காரரே வேண்டாம் என்றார். மைனஸ் ஆறை அந்த வளைவில் வைத்தால் ஓரங்களில் உருவம் கோணும் என்றார். ரொம்பப் பெரிய ஃபிரேமும் வேண்டாமாம், மைனஸ் லென்ஸ் ஓரத்தில்தான் தடிக்கும். சின்னதாக இருந்தால் பக்கத்தில் வெயில் நுழையும். நடுத்தரமாக ஒன்று, மேலே அந்த அகல விளிம்புத் தொப்பி. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தபோது, தூரத்தில் ஒரு படகில் யாரோ வலையை உதறுவது தெரிந்தது. வலையின் கண்கள் தெரிந்தன என்று சொன்னால் மிகை. உதறியதும் தெறித்த நீர் தெரிந்தது. வெயிலில் கண்ணை முழுசாகத் திறந்து தூரத்தைப் பார்த்தது எனக்கு அதுவே முதல் தடவை.

போலரைஸ்டு லென்ஸ் போட்டுக்கொள்ளும்படி கடையில் சொன்னார்கள், போடவில்லை. தண்ணீர், ஈரச் சாலை மாதிரியான தட்டையான பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிரும். அந்த லென்ஸ் அந்த அதிர்வை மட்டும் பிடித்து நிறுத்திவிடும், நீருக்கடியில் கிடக்கும் கூழாங்கல்கூடத் தெரியும். 1929-இல் எட்வின் லேண்ட் என்ற இளைஞர் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த தாளின் வழிவந்தது அது. அருமையான பொருள். மகளுடையதைப் போட்டுப் பார்த்தேன், பளபளப்பு துடைத்துவிட்டதுபோல் போனது. ஆனால் கைப்பேசியைப் பக்கவாட்டில் திருப்பியதும் திரை அணைந்துவிட்டது! பழுதாகிவிட்டது என்று பதறி அதைத் தட்டிக்கொண்டிருந்தேன். மகள் சிரித்துக்கொண்டே கைப்பேசியை நிமிர்த்திக் காட்டினாள். வழி பார்க்கவும் பேரனைப் படம் எடுக்கவும் திரை வேண்டும் என்பதால் விட்டுவிட்டேன். கடலில் படகு ஓட்டுபவர்களும் மீன் பிடிப்பவர்களும் என்னைப்போல் பயப்படத் தேவையில்லை.

கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு மேலே எந்தக் கறுப்புக் கண்ணாடியும் போடலாமே என்பார்கள். போடலாம், என் மகள் அப்படித்தான். அதோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். பராமரிப்பு பற்றி இரண்டு வரி: மணல் பட்ட லென்ஸை முந்தானையால் துடைக்காதீர்கள், முதலில் நல்ல தண்ணீரில் அலசுங்கள் (அந்த 'ழ' கொம்பு எனக்குக் கற்றுத்தந்தது). வெயிலில் நிற்கும் காருக்குள் டேஷ்போர்டின்மேல் கண்ணாடியை வைக்காதீர்கள், சூட்டில் பூச்சு நுண்ணிய வெடிப்புகளாகப் பிளந்து, லென்ஸ் முழுக்கச் சிலந்தி வலை பின்னியதுபோல் ஆகிவிடும். வழக்கமான கண்ணாடியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பொழுது சாய்ந்த பிறகு பவர் போட்ட கறுப்புக் கண்ணாடி மட்டும் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு படிக்கட்டில் அனுபவித்தேன். அந்தக் கதையை இன்னொரு கடிதத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் வாசகர்களில் கண்ணாடி போட்டவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும், ஏனென்றால் உங்கள் எழுத்தின் அளவு அப்படி. அவர்களும் விடுமுறைக்குப் போகிறார்கள். ஆகவே அடுத்த ஆண்டு அதே கட்டுரையைத் தூசு தட்டி வெளியிடும்போது (வெளியிடுவீர்கள், மூன்று ஆண்டுகளாகப் பார்க்கிறேன்) அந்த வரியில் ஒரு சிறு திருத்தம் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். 'கூலிங் கிளாஸ்' என்பதற்கு முன்னால் 'யு.வி. 400 உள்ள, பவர் இருந்தால் பவரும் போட்ட' என்று சேர்க்கவும். வரி நீள்கிறது, இடம் போதவில்லை என்று பக்க வடிவமைப்பாளர் சொன்னால், 'ஸ்டைலாக' என்பதை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
மூக்குக் கண்ணாடி அணிந்த நெடுநாள் வாசகி
(ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்)