முக்கால் சாண் குறைந்த சங்கிலி

பெரம்பூர், சென்னை
டிசம்பர் 9

அன்புள்ள சேது,

என் முழங்கால் அப்படியே, உன் சர்க்கரை அப்படியே. ஆக இருவரும் நலம். சரோஜாவிடம் விசாரித்ததாகச் சொல். மழை இங்கே வருகிறேன் வருகிறேன் என்று பயம் காட்டிவிட்டுப் போய்விட்டது. வேளச்சேரிக்காரர்கள் வழக்கம்போல வண்டியை மேம்பாலத்தில் ஏற்றி வைத்துவிட்டு, மறுநாள் வெயிலில் போய் எடுத்து வந்தார்கள்.

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கிறிஸ்துமஸ் லீவில் அருண் உங்கள் இருவரையும் ஜெனீவாவுக்கு வரச்சொல்லி, அங்கே வாடகை வண்டி எடுத்து, பிரான்சின் ஆல்ப்ஸ் மலைமேல் இருக்கிற வால் தோரான்ஸ் என்ற பனிச்சறுக்கு ஊர் வரை தானே ஓட்டிக்கொண்டு போகப் போகிறான் என்றாய். “நீ போய் வந்தவன், டயர்க்காரன் வேற, ஏதாவது பார்த்துக்கணுமா?” என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? “நல்ல ஸ்வெட்டரா எடுத்துக்கோ” என்றேன். அதைவிட அயோக்கியத்தனமான பதிலை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை.

சேது, நாங்கள் வால் தோரான்ஸ் போகவே இல்லை.

உனக்கும் நம்ம சிநேகிதன் மீசைக்கும் நான் காட்டிய போட்டோவெல்லாம் அடிவாரத்தில் எடுத்தவை. “மேலே ஒரே கூட்டம், அதனால் கீழேயே தங்கிட்டோம்” என்று அளந்தேன் அல்லவா, மேலே கூட்டமா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? போனில் இதைச் சொன்னால் நீ சிரிக்கிற சிரிப்பில் பாதிதான் காதில் விழும். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் சிரி.

பிப்ரவரியில் பேத்திக்குப் பள்ளி லீவு. லண்டனிலிருந்து மாப்பிள்ளையின் வண்டியிலேயே கிளம்பினோம். கடலுக்கு அடியில் ரயிலில் வண்டியை ஏற்றி 35 நிமிடத்தில் பிரான்ஸ். காலேயிலிருந்து வால் தோரான்ஸ் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இங்கிலாந்தில் குளிர்கால டயர் போட வேண்டும் என்று சட்டம் இல்லை, அதனால் வண்டியில் இருந்தது சாதாரண டயர். பிரான்சில் அந்த மலைப்பகுதிகளுக்கு நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை விதி இருக்கிறது: நான்கு சக்கரத்திலும் குளிர்கால டயர் இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு சக்கரத்துக்காவது, வழுக்காமல் இருக்க டயர்மேல் மாட்டும் பனிச்சங்கிலியோ துணி உறையோ டிக்கியில் இருக்க வேண்டும். மாப்பிள்ளையிடம் பழைய காருக்கு வாங்கிய சங்கிலி ஒரு ஜோடி இருந்தது. வண்டி மட்டும் புதிது, கொஞ்சம் உயரமானது.

கிளம்புவதற்கு முந்தின நாள் கேட்டார். “மாமா, இந்தச் செயின் புது வண்டிக்கு ஆகுமா?”

நான் சோபாவில் இருந்தேன். எழுந்திருக்கவில்லை. “அது எத்தனை இன்ச்?” என்றேன். “16.” “இது?” “16.” “அப்புறம் என்ன, போடும்” என்றேன்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் 34 வருஷம் டயர் விற்றவன் சொன்ன பதில் இது. இதே பதிலைச் சொன்னதற்காகக் கடைப் பையன் ஒருத்தனை நான் வாசலில் நிற்க வைத்துத் திட்டியதை நீயே பார்த்திருக்கிறாய், டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்ததும் நீதான். இன்ச் என்பது ரிம்முக்கு. பழைய காரின் டயர் 205/55 ஆர்16, புதியது 215/65 ஆர்16. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில்; அடுத்தது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது; கடைசி எண்தான் ரிம். ரிம் ஒன்றுதான், ஆனால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு பக்கமும் 27 மில்லிமீட்டர் அதிகம். மொத்த விட்டத்தில் 54. சுற்றளவில் 17 சென்டிமீட்டர். முக்கால் சாண்! பேப்பரும் பென்சிலும் எடுத்திருந்தால் அரை நிமிடக் கணக்கு. கண்ணாடி மேஜைமேல் இருந்தது, அதை எடுக்கச் சோம்பல். அதோடு புது ஜோடி வாங்கினால் மாப்பிள்ளைக்குச் செலவு, அதை மிச்சம் பிடித்துக் கொடுத்த பெருமை வேறு.

மூட்டியே என்ற ஊர்வரை தார் ரோடு சுத்தமாக இருந்தது. அங்கிருந்துதான் ஏற்றம். வால் தோரான்ஸ் 2,300 மீட்டர், நம்ம ஊட்டியை விடக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதானே என்று நினைத்தேன். சேன் மார்ட்டின் என்ற ஊரைத் தாண்டும்போது பனி கொட்ட ஆரம்பித்தது. சனிக்கிழமை சாயங்காலம், முன்னால் ஒரு பஸ். நீல வட்டத்துக்குள் சங்கிலி சுற்றிய டயர் படம் போட்ட பலகை ஒன்று வந்தது. அதற்குமேல் சங்கிலி போடாமல் போகக்கூடாது என்று அர்த்தம். ஓரமாக நிறுத்த இடமும் விட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வேகத்தைக் குறைத்தார். நான்தான், “இன்னும் கொஞ்சம் போங்க, வண்டி நல்லாத்தானே ஏறுது” என்றேன். நகர்ந்துகொண்டிருக்கும் வண்டி ஏறும்டா. நின்றால்தான் தெரியும்.

வளைவில் பஸ் நின்றது. நாங்களும் நின்றோம். பஸ் கிளம்பியது. எங்கள் வண்டியின் முன்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே மாவரைத்தது. மாப்பிள்ளை காலை எடுத்துவிட்டு பிரேக்கை அழுத்தினார். சக்கரம் நான்கும் பூட்டிக்கொண்டது, ஆனால் வண்டி பின்னால் போகிறது. வேகமாக இல்லை, மாட்டு வண்டி வேகம்கூட இல்லை. அதுதான் பயங்கரம். ஒரு சத்தமும் இல்லாமல், யாரோ பொறுமையாகப் பிடித்து இழுக்கிற மாதிரி. பேத்தி, “தாத்தா, ரிவர்ஸ் போறோமா?” என்றாள். ரோட்டு ஓரத்தில் ஒதுக்கிக் குவித்த பனிச்சுவரில் பின்பக்கம் மெத்தென்று முட்டி நின்றோம். அந்தப் பக்கம் சுவர். மறுபக்கம் என்ன என்று நான் காலையில்தான் பார்த்தேன், அதை எழுதப்போவதில்லை.

இருட்டில், கையுறை இல்லாமல், செல்போன் வெளிச்சத்தில் நானும் மாப்பிள்ளையும் சங்கிலியைச் சுற்றினோம். சுற்றிப் பார்த்தால் கொக்கிக்கும் கண்ணிக்கும் நடுவில் இடைவெளி. இழுக்கிறேன், இழுக்கிறேன், வருமா? ஒரு போலீஸ்காரர் வந்தார். டயருக்கு டார்ச் அடித்தார். சங்கிலிக்கு அடித்தார். பிறகு என் முகத்துக்கு அடித்தார். மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “மாமா, நீங்க உள்ளே உட்காருங்க, குளிருது” என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. ஒரு டிராக்டர்காரர் இழுத்துத் திருப்பிவிட, பனி ஒதுக்கும் வண்டிக்குப் பின்னால் முதல் கியரில் இறங்கி மூட்டியே வந்து சேர்ந்தோம். மறுநாள் கடையில் எங்கள் அளவுச் சங்கிலி எல்லாம் விற்றுப்போயிருந்தது. ஐந்து நாளும் அடிவாரம். பேத்தி பார்க்கிங் இடத்தில் பனி பொம்மை செய்தாள், நான் அதைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினேன்.

இதில் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. 34 வருஷம் நான் டயரைப் பற்றிக் கற்றதெல்லாம் சூடு பற்றித்தான். மே மாதத்து தார், லோடு, காற்று குறைந்தால் சூடேறி வெடிக்கும், தரையில் படும் கட்டை தேய்ந்தால் மழையில் வழுக்கும். திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யத் தொடங்கியவர்கள் டயர் கம்பெனியாக வளர்ந்த ஊர் நம்முடையது, எல்லாமே வெயிலுக்குச் செய்த ரப்பர். ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே போனால் அந்த ரப்பர் விறைக்க ஆரம்பித்துவிடுகிறது. 7 டிகிரியை நான் பிரிட்ஜுக்குள் கை விட்டால்தான் பார்த்திருக்கிறேன். குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளகி நிற்கும்படி கலந்தது. அதன் கட்டைகளில் பிளேடால் கீறிய மாதிரி நூற்றுக்கணக்கில் மெல்லிய வெட்டுகள். பனி அந்த வெட்டுகளிலும் பள்ளங்களிலும் அடைத்துக்கொள்ளும், பனியைப் பனியே பிடிக்கும். நம்ம டயரில் சேறு ஒட்டினால் கழுவச் சொல்லுவோம், அங்கே ஒட்டினால்தான் நல்லது. லண்டனில் திரும்பி வந்தபின் ஒரு கடையில் அந்த டயரை நகத்தால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரன் சந்தேகமாகப் பார்த்தான்.

சரி, அருண் விஷயம். ஜெனீவா விமான நிலையத்தில் சுவிஸ் பக்கம், பிரெஞ்சுப் பக்கம் என்று இரண்டு உண்டு. பிரெஞ்சுப் பக்கத்தில் எடுக்கிற வாடகை வண்டியில் குளிர்கால டயர் தானாக இருக்கும் என்று நம்ப வேண்டாம், முன்பதிவிலேயே கேட்டு எழுத்தில் வாங்கட்டும். வண்டி கைக்கு வந்ததும் டயரின் பக்கத்தில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் போட்ட முத்திரை இருக்கிறதா என்று குனிந்து பார்க்கட்டும். வெறும் ‘எம்+எஸ்’ எழுத்து போதாது, அது கம்பெனிக்காரன் தானே போட்டுக்கொள்வது. பிரெஞ்சு விதியிலும் 2024 நவம்பரிலிருந்து அது செல்லாது. “எங்க வண்டி நாலு சக்கரமும் இழுக்கும் அங்கிள்” என்று அவன் சொல்லுவான். இழுக்கும், ஒத்துக்கொள்கிறேன். நிறுத்தாது. இறக்கத்தில் அவன் நம்பியிருப்பது டயரை மட்டும்தான்.

சங்கிலியும் கேட்டு வாங்கட்டும். விமான நிலையத்திலேயே, காய்ந்த தரையில், வெளிச்சத்தில், ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பார்க்கட்டும். பின்னால் நிற்பவன் முறைத்தால் முறைக்கட்டும். முன்சக்கரம் இழுக்கும் வண்டிக்கு முன்சக்கரத்தில்தான் மாட்ட வேண்டும். மாட்டிச் சிறிது தூரம் போனதும் இறங்கி மறுபடி இறுக்க வேண்டும், 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது, தார் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும். அந்த நீலப் பலகை வந்தால் அங்கேயே நிற்க வேண்டும். பின்சீட்டிலிருந்து எந்தக் கிழவன் என்ன சொன்னாலும் கேட்க வேண்டாம், அதில் நீயும் அடக்கம்.

நீ ரப்பர் பாய் ஒன்று, நல்ல டார்ச், கையுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள். புளியோதரை சரோஜா கட்டாயம் கட்டுவாள், அதைப் பற்றிக் கவலையில்லை.

வண்டி எடுத்தவுடன் அருண் டயரின் பக்கச்சுவரில் இருக்கிற நம்பரையும் சங்கிலி டப்பாவின்மேல் உள்ள அளவையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பட்டும். இங்கே அப்போது நள்ளிரவாக இருந்தாலும் பரவாயில்லை. கண்ணாடியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறேன்.

மீசையிடம் இதைச் சொல்லாதே. சொல்லுவாய் என்று தெரியும். முக்கால் சாண் என்ற இடத்தை மட்டுமாவது அரைச் சாண் என்று குறைத்துச் சொல்.

அன்புடன்,
மணி